எடை அதிகம், கொலஸ்டிராலும் அதிகம்: வயதானவரின் எலும்புக்கு இது நல்லதா, கெட்டதா?

கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு 69 வயது, உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ, 'கெட்ட கொலஸ்டிரால்' எனப்படும் எல்டிஎல் 160. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பு 'நார்மல்' என்று வந்திருக்கிறது. இடுப்பு மூட்டில், அதாவது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மட்டும், அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.1. எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர், கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதியிருக்கிறார். சொந்தக்காரர் ஒருவரோ, "குண்டான உடம்புக்கு எலும்பு கெட்டி. இந்த வயதில் இளைத்தால் எலும்பு உளுத்துப்போகும், மாத்திரை மிச்சத்தையும் கரைத்துவிடும்" என்று பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது?

சொந்தக்காரர் எடையைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாத்திரையைப் பற்றிச் சொன்னது தவறு. மருத்துவர் சொன்னது சரிதான், ஆனால் அது அரைகுறையாக நின்றுவிட்டது. இந்த வயதில் எடையை எப்படிக் குறைக்கிறோம், குறையும் கிலோக்களில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எலும்பு தப்பிக்கும் அல்லது மாட்டிக்கொள்ளும். கொலஸ்டிரால் எண்ணைப் பார்த்து எலும்பைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. இது ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சாமான் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பில் சிறுசிறு குழிகளாக அரித்தெடுக்கின்றன. அதற்குச் சில வாரங்கள் போதும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புது எலும்பால் அந்தக் குழியை நிரப்புகின்றன. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். பெரியவர்களுக்கு வருடத்தில் எலும்புக்கூட்டின் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. 30 வயதுவாக்கில் உச்சத்தில் இருக்கும் கையிருப்பு அதற்கப்புறம் மெல்ல இறங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் அரிப்பு வேகமெடுத்து, நிரப்பும் வேலை பின்தங்கிவிடும்.

எடை இதில் எங்கே வருகிறது? எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள், எலும்பு லேசாக வளையும்போதும் அமுங்கும்போதும் அதை உணர்கின்றன. சுமை விழுந்தால், எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அவை குறைவாகச் சுரக்கும். நிரப்பும் வேலை முடுக்கிவிடப்படும். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். ஆக, கனமான உடம்பைத் தாங்கும் தொடை எலும்பு கொஞ்சம் கெட்டியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டாவது காரணம் ஹார்மோன். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வருவது ஏறக்குறைய நின்றுபோகும். அப்போது கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்சைம், அட்ரினல் சுரப்பி தரும் மூலப்பொருளை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு அதிகமுள்ள உடம்பில் இந்தக் கைச்செலவுப் பணம் கொஞ்சம் கூடுதலாகப் புரளும். மூன்றாவது, பக்கவாட்டில் விழும்போது இடுப்பைச் சுற்றியுள்ள கொழுப்பு அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

சொந்தக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு எல்லை உண்டு. சுமார் 60,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2005-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25 உள்ளவரோடு ஒப்பிட்டால் பிஎம்ஐ 20 உள்ளவருக்கு இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதே 25-லிருந்து மேலே 30-க்குப் போனால் கிடைத்த லாபம் வெறும் 17 சதவீதம். ஒல்லியாக இருப்பதால் வரும் நஷ்டம் பெரிது, குண்டாவதால் வரும் லாபம் சொற்பம். உங்கள் அம்மாவின் பிஎம்ஐ கிட்டத்தட்ட 34. அந்த உயரத்துக்கு 30 என்பது சுமார் 69 கிலோ. அவர் 78-லிருந்து 72-க்கு இறங்கினால் 'ஒல்லி' என்ற ஆபத்து வளையத்தின் பக்கத்தில்கூட வரமாட்டார்.

அப்புறம், எல்லாக் கொழுப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஓரளவு சாது. குடலைச் சுற்றி, கல்லீரலைச் சுற்றி வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களைத் தொடர்ந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். இவை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது என்பதால், உடம்பில் கொழுப்பு அதிகமானால் அது பெரிய பரப்பில் பரவி, ரத்தத்தில் அளவு குறைவாகவே காட்டும். கால்களில் தசை குறைந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால் நிலை இன்னும் மோசம். சுமை இருக்கிறது, தாங்கத் தசை இல்லை, தடுமாறினால் சமாளிக்கவும் முடியாது.

ஆய்வுகளிலும் இது தெரிகிறது. உடல் பருமன் உள்ள வயதான பெண்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு முறிவுகள் குறைவு. ஆனால் கணுக்கால் முறிவும், தோளுக்குக் கீழே மேல்கை எலும்பு முறிவும் அதிகம். 'குண்டானவர்களுக்கு எலும்பு முறியாது' என்ற நம்பிக்கையால் நடக்கும் தீங்கு ஒன்று உண்டு. கணுக்கால் முறிந்து வரும் பருமனான பாட்டியை யாரும் எலும்பு அடர்த்தி பார்க்க அனுப்புவதில்லை. கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகவே தெரியும், ஆனால் எலும்பு எதிர்பார்த்ததைவிட எளிதாக முறியும். எலும்பின் கொலாஜன் என்ற புரத இழைகளில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றின் நெகிழ்வைக் கெடுத்துவிடுகிறது. கனிமம் குறையவில்லை, தரம் குறைந்திருக்கிறது. தரத்தை ஸ்கேன் பார்க்காது.

இப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுப்போம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டி-ஸ்கோர் என்பது இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற எண். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தபடி, மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையே அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்டியோபொரோசிஸ். உங்கள் அம்மாவுக்கு முதுகு நன்றாகவும் இடுப்பு மோசமாகவும் இருப்பது விநோதமாகத் தோன்றலாம். இந்த வயதில் இது சகஜம். டெக்ஸா என்ற இந்த ஸ்கேன் கருவி, எக்ஸ்ரே கடந்து போகும் பாதையில் இருக்கும் கால்சியம் முழுவதையும் கூட்டித்தான் கணக்குச் சொல்லும். முதுகெலும்பு மூட்டுகளில் தேய்வு ஏற்பட்டு எலும்பு முள் வளர்ந்திருந்தால் அதுவும் சேரும். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் சுவரில் கால்சியம் படிந்திருந்தால் அதுவும் சேரும். ஏற்கெனவே ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தால், அதே கனிமம் சின்ன இடத்தில் அடைந்து அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். எனவே 69 வயதில் முதுகின் 'நார்மல்' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இடுப்பின் மைனஸ் 2.1-தான் பேசும் எண். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறாரா என்று அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று கேட்டு வாங்குங்கள். வலியே இல்லாமல் முள்ளெலும்பு நசுங்குவது உண்டு. அப்படி ஒன்று கண்டுபிடித்தால் டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சிகிச்சை தேவைப்படும்.

சரி, ரத்தக் கொழுப்புக்கு வருவோம்.

எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்டும் கொழுப்புச் செல்லும் எலும்பு மஜ்ஜையில் ஒரே தாய்ச்செல்லிலிருந்துதான் பிறக்கின்றன. எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானிக்கும் சாவிகளில் முக்கியமானது பிபிஏஆர்-காமா என்ற புரதம். அது முடுக்கிவிடப்பட்டால் தாய்ச்செல் கொழுப்பாக மாறும், எலும்பு கட்ட ஆள் குறையும். வயது ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பு கூடிக்கொண்டே போவது இதனால்தான். இதிலே ஒரு விசித்திரம்: சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிவிடும் அனோரெக்சியா நோயாளிகளுக்கு உடம்பில் கொழுப்பே மிஞ்சியிருக்காது, ஆனால் மஜ்ஜைக்குள் கொழுப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும், எலும்பும் பலவீனமாக இருக்கும். மஜ்ஜைக் கொழுப்பு வேறு, இடுப்பு மடிப்பில் தெரியும் கொழுப்பு வேறு, ரத்தப் பரிசோதனையில் வரும் கொழுப்பு வேறு. மூன்றையும் 'கொழுப்பு' என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பிபிஏஆர்-காமாவைத் தூண்டும் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டுவது தெரிந்த விஷயம். அம்மா அதைச் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் வேறு வழி உண்டா என்று அவசியம் கேளுங்கள்.

எல்டிஎல் துகள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போனால் எலும்பு கட்டும் செல்களின் வளர்ச்சி தடைபடும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஆய்வகத்தில் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், அதே கெட்டுப்போன கொழுப்பு ரத்தக் குழாய்ச் சுவரில் எதிர்மாறாக வேலை செய்து, அங்கே கால்சியம் படியத் தூண்டுகிறது. எலும்பில் கால்சியம் குறைய, மகாதமனியில் கூட, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது அடிக்கடி நடப்பதுதான். அம்மாவின் முதுகு ஸ்கேன் 'நார்மல்' ஆனதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

செல் அளவில் கதை இவ்வளவு தெளிவாக இருந்தும், மனிதர்களை வைத்து எல்டிஎல்லையும் எலும்பு அடர்த்தியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. சிலவற்றில் எல்டிஎல் கூடினால் அடர்த்தி குறைகிறது, சிலவற்றில் தொடர்பே இல்லை. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு அதிகமானவர்களுக்கு அடர்த்தி கூடுதலாக இருந்ததும் உண்டு. அது பெரும்பாலும் பருமனின் எதிரொலி. இந்தக் குழப்பத்துக்கு நான் முதல் இடம் கொடுப்பது ஈஸ்ட்ரோஜனுக்கு. அது குறைந்தவுடன் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது, எல்டிஎல் ஏறுகிறது. அதே சமயத்தில் எலும்பும் இறங்குகிறது. 50 வயதையொட்டிய பெண்களில் இரண்டும் சேர்ந்து நடப்பதைப் பார்த்துவிட்டு ஒன்று மற்றதைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் ஆட்டிவைத்தது மூன்றாவது ஒன்று.

ஹெச்டிஎல் விஷயம் இன்னும் சுவாரசியம். 'நல்ல கொலஸ்டிரால்' என்பதால் எலும்புக்கும் நல்லதாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான முதியவர்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ என்ற பெரிய ஆய்வின் தரவுகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வெளியானது. ஹெச்டிஎல் 74-க்கு மேல் இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட எலும்பு முறிவு ஆபத்து 33 சதவீதம் அதிகம். ஹெச்டிஎல்தான் எலும்பைக் கெடுக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை, அதைக் குறைக்க யாரும் மருந்து தரப்போவதும் இல்லை. இருந்தாலும், ஹெச்டிஎல் 85 என்று பார்த்து மகிழ்ந்துபோகும் ஒல்லியான முதியவர் தன் எலும்பைப் பற்றி நிம்மதியாக இருக்க அது காரணமாகாது.

மாத்திரைக்கு வருவோம். ஸ்டாட்டின் எலும்பைக் கரைக்கும் என்பது எங்கிருந்து கிளம்பியதோ, உண்மையில் ஆராய்ச்சி உலகம் ஒரு காலத்தில் நேர் எதிரான நம்பிக்கையில் இருந்தது. 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், எலிகளுக்கு ஸ்டாட்டின் கொடுத்தபோது புது எலும்பு உருவாவது கூடியது. இதில் தர்க்கமும் இருந்தது: உடம்பு கொலஸ்டிராலைத் தயாரிக்கும் அதே ரசாயனப் பாதையின் ஒரு படியைத்தான், அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற எலும்பு மருந்துகளும் அரிக்கும் செல்களுக்குள் அடைக்கின்றன. ஆனால் விழுங்கும் ஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரலிலேயே பிடிபட்டுவிடுகிறது, எலும்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். சுமார் 17,800 பேர் கலந்துகொண்ட ஜூபிட்டர் ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு முறிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எலும்புக்காக ஸ்டாட்டின் சாப்பிட வேண்டாம், எலும்புக்குப் பயந்து அதை நிறுத்தவும் வேண்டாம். இதயத்தையும் மூளையையும் காக்கத்தான் அந்த மாத்திரை. கால் தசை வலி வந்து நடப்பதே குறைந்துபோனால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

இனி எடைக் குறைப்பு. சொந்தக்காரரின் பயத்துக்கு இங்கே ஆதாரம் உண்டு. உடல் பருமன் உள்ள 65 வயதைத் தாண்டிய 107 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவை மட்டும் குறைத்தவர்கள் எடையில் 10 சதவீதம் இழந்தார்கள், கூடவே இடுப்பு எலும்பு அடர்த்தியில் 2.6 சதவீதமும் போனது. உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு எடை குறைந்தும் எலும்பில் இழப்பு 1.1 சதவீதம்தான். அதே குழு 2017-ல் எந்தப் பயிற்சி என்று பிரித்துப் பார்த்தது. உணவுக் குறைப்போடு நடை, சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பில் 3 சதவீதம் இழப்பு. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 0.5 சதவீதம். இரண்டும் செய்தவர்களுக்கு 1 சதவீதம், உடம்பின் செயல்திறன் அதிகம் கூடியதும் அவர்களுக்குத்தான்.

அதனால் "தினமும் வாக்கிங் போகிறேன், போதாதா?" என்று அம்மா கேட்டால், இதயத்துக்குப் போதும், எலும்புக்குப் போதாது என்பதே பதில். நடைக்கு எலும்பு ஏற்கெனவே பழகிவிட்டது. அதற்குப் புதிய, கனமான சுமை வேண்டும். அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம், நிஜமாகவே கனமான எடைகளைத் தூக்கவைத்தார்கள். 8 மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இதை நாளைக்கே அம்மாவிடம் செய்யச் சொல்லாதீர்கள். எங்கே தொடங்குவது என்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். 15 நொடிக்கு மேல் ஆனால் தொடைத் தசை பலவீனம். அப்படியென்றால் முதல் பயிற்சியே அதுதான்: நாற்காலியிலிருந்து எழுவது. அது சுலபமான பிறகு கையில் எடை. முதுகு எக்ஸ்ரேயில் நசுங்கல் தெரிந்தால், முன்பக்கம் குனியும் பயிற்சிகளையும் இடுப்பை முறுக்கும் பயிற்சிகளையும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் செய்யக் கூடாது.

குறைக்க வேண்டிய அளவைப் பற்றி என் கருத்து: ஆறு மாதத்தில் 4 முதல் 5 கிலோ போதும், அதற்குமேல் அவசரப்பட வேண்டாம். பட்டினி, ஒருவேளைச் சாப்பாடு போன்ற வீரதீரங்கள் இந்த வயதுக்கு ஆகாது. எப்படிக் குறைத்தாலும் போகும் எடையில் ஒரு பகுதி தசையாக இருக்கும், புரதம் குறைந்தால் அந்தப் பகுதி பெரிதாகும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 75 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம், மூன்று வேளைக்கும் பிரித்து. கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1,200 மில்லிகிராம். அதைத் தாண்டுவதில் பயனில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும். குறைவே இல்லாதவர்கள் கூடுதலாக விழுங்குவதில் பலன் இல்லை என்று 2022-ல் வெளியான வைட்டல் ஆய்வு முடிவுகள் காட்டிவிட்டன. இன்னொன்று: குறைத்த எடை திரும்ப ஏறினால் கொழுப்பு திரும்பிவரும், இழந்த எலும்பு திரும்பிவராது. ஏற்றி இறக்கி விளையாடுவதைவிட 78-லேயே இருந்துகொண்டு தசையை வளர்ப்பது மேல் என்பேன்.

முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் அது வேறு விஷயம். ஆறு மாதம், ஒரு வருடத்தில் 5 சதவீதம், அதாவது அம்மாவுக்கு 4 கிலோ, தானாகவே இறங்கினால் 'இளைத்துவிட்டார், நல்லதுதான்' என்று விட்டுவிடாமல் காரணம் தேட வேண்டும். தைராய்டு, கட்டுப்பாடற்ற சர்க்கரை, மனச்சோர்வு, பல் பிரச்சினை, புற்றுநோய் என்று பட்டியல் நீளம்.

மைனஸ் 2.1-க்கு எலும்பு மருந்து வேண்டுமா என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிக்காது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-ல் வெளியான ஃப்ராக்ஸ் கணிப்பான், வயது, எடை, உயரம், முந்தைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்டீராய்டு, புகை, மது எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து வருட ஆபத்தைச் சொல்லும். அது சர்க்கரை நோயை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை, சமீபத்தில் எத்தனை முறை கீழே விழுந்தார் என்பதையும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த ஸ்கேனை ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து, முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு இயந்திரத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் கருவி வித்தியாசத்தையே எலும்பு மாற்றமாக நினைத்துக்கொள்ள நேரும். டி-ஸ்கோரை விட்டுவிட்டு, மொத்த இடுப்புக்கு எதிரே 'கிராம் / சதுர செ.மீ.' என்று இருக்கும் எண்ணைப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். எடை நிறையக் குறைந்தபின் எடுக்கும் ஸ்கேனில், சுற்றியுள்ள சதை மாறியதாலேயே எண் கொஞ்சம் தள்ளாடும். ஒன்றிரண்டு சதவீத இறக்கத்தைப் பார்த்துப் பயப்படாமல், மருத்துவரிடம் அந்த இயந்திரத்தின் பிழை வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.